சிறியவர் பங்கு: அமெரிக்க அரசாங்கக் குத்தகைகளின் கதை



ஒரு பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து லயத்தில் வாழும் அம்மாள் ஒருவர் தோசையும் நாசி லெமாக்கும் செய்து விற்க முன்வருகிறார். பட்டணத்தில் பத்துப் பள்ளிகளின் சிற்றுண்டிச்சாலைகளை நடத்திவரும் நிறுவனம் ஒன்றும் போட்டிக்கு வருகிறது. அரிசியையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கும் அந்த நிறுவனம், தட்டுக்குப் பத்துக் காசு குறைவாகத் தருவதாகச் சொல்கிறது. விலை ஒன்றையே பார்த்தால் குத்தகை நிறுவனத்துக்குத்தான். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் இப்படியே நடந்தால், சில ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் சிற்றுண்டி நடத்தும் சிறியவர் ஒருவரும் மிஞ்சமாட்டார். அதற்குப் பிறகு நிறுவனம் சொன்னதே விலை.

அப்படியானால், இந்தக் குத்தகை சிறியவருக்கே என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் சிறியவர் என்பவர் யார்? சிறியவர் பலர் இருந்தால் அவர்களுள் யாருக்கு முதலிடம்? ஒதுக்கும்படி சட்டம் சொல்லியும் அதிகாரி ஒதுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தக் கேள்விகளை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனக்குள்ளே வாதிட்டு வந்திருக்கும் நாடு அமெரிக்கா. உலகிலேயே மிகப் பெரிய அளவில் பொருள் வாங்குவது அந்நாட்டுக் கூட்டரசாங்கம். போர்க்கப்பலிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை அது வாங்காத பொருள் இல்லை. ஒவ்வொரு சச்சரவும் நாடாளுமன்றத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனபடியால் ஏட்டிலும் நிலைத்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

கதை போரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடின. 1940 ஜூன் முதல் 1944 செப்டம்பர் வரை ஏறத்தாழ 175 பில்லியன் டாலர் மதிப்புள்ள நேரடிக் குத்தகைகள் வழங்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு 100 பெரிய நிறுவனங்களுக்கே போயிற்று. அதிகாரிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. போர் வாசலில் நிற்கும்போது நூறு பட்டறைகளைத் தேடி அலைவதைவிட, ஒரு பெரிய தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரும்பும் செம்பும் போருக்கென்று பங்கீடு செய்யப்பட்டிருந்த காலம் அது. போர்க் குத்தகை கிடைக்காத சிறு பட்டறைக்கு வழக்கமான தொழிலுக்கும் மூலப்பொருள் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் அடிபட்ட மத்தளம் போலாயிற்று அதன் நிலை.

செனட் சபையில் ஜேம்ஸ் மர்ரியும், கீழவையில் ரைட் பாட்மனும் சிறுதொழிலுக்காக வாதாடினர். 1942 ஜூன் மாதத்தில் 'சிறு போர்த் தொழிற்சாலைக் கழகம்' ஒன்று 150 மில்லியன் டாலர் முதலுடன் அமைக்கப்பட்டது. சிறு பட்டறைகளுக்குக் கடன் தருவதும், குத்தகை தேடித் தருவதும் அதன் பணி. 1944 இல் அதற்குத் தலைமை ஏற்ற மோரி மாவெரிக், டெக்சாஸ்காரர். அலுவலகக் கடிதங்களில் பொருளே விளங்காதபடி எழுதும் நடையைக் கண்டு எரிச்சலடைந்த அவர், அதற்குக் 'காபிள்டிகூக்' என்று ஒரு பெயர் வைத்தார். வான்கோழி கத்துகிற சத்தத்திலிருந்து பிறந்த அந்தச் சொல் இன்று ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. சிறுதொழிலுக்காகப் போராடிய மனிதரிடமிருந்து இந்தச் சொல் பிறந்தது பொருத்தமே. விளங்காத சட்ட நடையைப் பிரித்துச் சொல்லப் பெரிய நிறுவனத்தில் வழக்கறிஞர் இருப்பார். பட்டறைக்காரர் யாரைக் கேட்பார்? ஒரே ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை ஏறிய வழக்கு ஒன்றைப் பின்னால் பார்க்கப்போகிறோம். இதை அதுவரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

போர் முடிந்ததும் அந்தக் கழகமும் முடிந்தது. கொரியப் போர் வந்தபோது, 1951 இல், அதேபோன்ற வேறோர் அமைப்பு தோன்றியது. போருக்குப் போர் தோன்றி மறையும் ஏற்பாடு போதாது என்று கருதிய காங்கிரஸ், 1953 ஜூலை மாதத்தில் சிறுதொழில் சட்டத்தை நிறைவேற்றியது. அதிபர் ஐசனோவர் ஒப்பமிட்டார். அந்தச் சட்டத்தினால் பிறந்ததே சிறுதொழில் நிர்வாகம். அரசாங்கம் வாங்கும் பொருள்களிலும் பணிகளிலும் சிறுதொழிலுக்கு 'நியாயமான பங்கு' சேரவேண்டும் என்றது சட்டம். நியாயமான பங்கு என்றால் எவ்வளவு? சட்டம் அப்போது ஓர் எண்ணும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இனிவரும் சச்சரவுகள் எல்லாம் முளைத்தன.

முதற் சச்சரவு, யார் சிறியவர் என்பது. தனித்த உடைமையாக இருக்கவேண்டும், தன் தொழில்துறையில் ஆதிக்கம் செலுத்தாததாக இருக்கவேண்டும் என்று சட்டம் வரையறுத்தது. தொழிலுக்குத் தக்கபடி ஆள்கணக்கையோ வரவுக்கணக்கையோ கொண்டு எல்லை வகுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1966 இல் அந்த நிர்வாகம், கார் உற்பத்தி செய்யும் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் 'சிறுதொழில்' என்று அறிவித்தது! பல்லாயிரம் தொழிலாளர் வேலை செய்த நிறுவனம் அது. காரணம் என்ன? ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்றின் பக்கத்தில் நிறுத்தினால் அது ஆதிக்கம் செலுத்தவில்லை அல்லவா? யானைக் கூட்டத்தில் இளைத்த யானையைப் பூனை என்று எழுதிக்கொண்ட கதைதான். நாடே நகைத்தது. ஆயினும் அந்த நகைப்பில் ஒரு பாடம் இருந்தது. வரையறையை அகலமாக வைத்தால், சிறியவர் பங்கைச் சிறியவர் பெயராலேயே பெரியவர் எடுத்துக்கொள்வார்.

வரையறை சரியாக இருந்தாலும் பொய்ப்பெயர் நுழைந்துவிடும். நியூயார்க் நகரில், ஏழ்மை மிகுந்த தெற்கு பிரோங்க்ஸ் பகுதியில் வெட்டெக் என்றொரு நிறுவனம் இருந்தது. போர்ட்டோ ரிக்கோ மரபில் வந்த ஒருவர் தொடங்கியது. சமூகத்தில் பின்தங்கியோருக்கென ஒதுக்கிய திட்டத்தின்கீழ் இராணுவக் குத்தகைகளைப் பெற்று, வேலையற்ற பலருக்கு வேலை கொடுத்து வந்தது. 1984 இல் அதிபர் ரேகனே அதன் நிறுவனரை மேடையில் புகழ்ந்தார். ஆனால் உள்ளே நடந்தது வேறு. நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபின் நிறுவனரிடம் பெரும்பான்மைப் பங்கு இல்லை. ஒதுக்கீட்டுத் தகுதி போய்விடாமல் இருக்க, பங்குகள் அவருக்கு மாறியதுபோல் போலி ஏற்பாடு செய்யப்பட்டது. குத்தகைகளுக்காக அரசியல்வாதிகளுக்குக் கையூட்டும் கொடுக்கப்பட்டது. 1986 இன் இறுதியில் நிறுவனம் நொடித்தது. 1988 இல் கீழவை உறுப்பினர் மாரியோ பியாஜி இவ்வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பெயர் ஒருவருடையது, தொழில் இன்னொருவருடையது என்னும் ஏற்பாடு நமக்குப் புதியதன்று. அதற்கு 'அலிபாபா' என்று நம் நாட்டில் பெயரே இருக்கிறது. வெட்டெக் கதையால் மிகவும் இழந்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தத் திட்டத்தை நம்பி நேர்மையாக உழைத்த மற்றச் சிறு முதலாளிகளே. ஒருவர் செய்த மோசடிக்கு எல்லாரும் சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது சச்சரவு, சிறியவருள் யாருக்கு என்பது. 1960களின் பிற்பாதியில் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் கலவரத்தில் எரிந்தன. வேலையும் முதலும் அங்கே போய்ச் சேரவேண்டும் என்னும் எண்ணத்தில், 1968 முதல் சிறுதொழில் நிர்வாகம் சில குத்தகைகளைப் பின்தங்கியோர் நடத்தும் நிறுவனங்களுக்கு வழங்கத் தொடங்கியது. 1977 இல், 4 பில்லியன் டாலர் பொதுப்பணித் திட்டமொன்றில் 10 விழுக்காடு சிறுபான்மையினர் தொழில்களுக்கு என்று காங்கிரஸ் விதித்தது. மேரிலாந்து உறுப்பினர் பேரன் மிட்சல் கொண்டுவந்த விதி அது. 1980 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆனால் ஒன்பது ஆண்டுகளில் காற்று திசை மாறியது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகராட்சி, 1983 இல், நகரக் கட்டுமானக் குத்தகைகளில் 30 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு உட்குத்தகையாகப் போகவேண்டும் என்று விதித்திருந்தது. அந்நகர மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். முந்திய ஐந்து ஆண்டுகளில் அவர்களுக்கும் மற்றச் சிறுபான்மையினருக்கும் கிடைத்த நேரடிக் குத்தகையோ 0.67 விழுக்காடு, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நகரச் சிறைச்சாலையில் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்தும் வேலை கைநழுவிப்போன குரோசன் என்னும் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989 இல் உச்ச நீதிமன்றம் நகராட்சியின் விதியைச் செல்லாது என்றது. மக்கள்தொகைக் கணக்கு போதாது, இன்ன துறையில் இன்னவாறு பாகுபாடு நடந்தது என்று காட்டவேண்டும் என்றது தீர்ப்பு. எஸ்கிமோ மக்களும் ரிச்மண்ட் விதியின் பட்டியலில் இருந்ததை அது சுட்டிக்காட்டியது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதி. அநீதி நடந்த ஒரு நகரம் தானே முன்வந்து அதைத் திருத்த முயன்றதைத் தடுக்கலாகாது என்பது அவர் வாதம்.

1995 இல், கொலராடோ மாநிலச் சாலையோரத் தடுப்புக் கம்பி வேலை தொடர்பான அடராண்ட் வழக்கில், கூட்டரசாங்கத் திட்டங்களுக்கும் அதே கடுமையான சோதனை உண்டு என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்கைத் தொடுத்ததும் ஒரு சிறு நிறுவனமே என்பதைக் கவனிக்க வேண்டும். அதுதான் குறைந்த விலை கேட்டிருந்தது. 2023 இலும் டென்னசி மாநிலத்துச் சிறு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், இன்ன இனத்தவர் என்பதாலேயே ஒருவரைப் பின்தங்கியவர் என்று கொள்ளும் வழக்கத்தைக் கூட்டரசு நீதிமன்றம் நிறுத்தியது. இருபுறமும் சிறியவர், இருவர் கையிலும் நியாயம் கொஞ்சம் இருந்தது. இவ்வழக்குகள் ஆறாத புண்ணாக நீடிப்பதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது சச்சரவு அதிகாரியைப் பற்றியது. சிறியவர் இன்னார் என்று முடிவாயிற்று. அவருக்கு ஒதுக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்லிவிட்டது. அதிகாரி அதைச் செய்தே ஆகவேண்டுமா, விரும்பினால் செய்யலாமா?

1984 இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசாங்கக் கொள்முதல் விதிநூலில் 'இருவர் விதி' என்று ஒன்று இடம்பெற்றது. அதை நம் சிற்றுண்டிச்சாலையைக் கொண்டே விளக்கலாம். டெண்டர் விடுமுன் தலைமையாசிரியர் சுற்றிலும் விசாரிக்கவேண்டும். தகுதியுள்ள சிறியவர் இருவராவது நியாயமான விலையில் போட்டியிட முன்வருவார்கள் என்று தெரிந்தால், போட்டியைச் சிறியவருக்கு மட்டும் என்று மூடிவிட வேண்டும். ஒருவர்தான் உண்டு என்றால் எல்லாருக்கும் திறந்துவிடலாம். ஏன் இருவர்? ஒருவர் மட்டும் என்றால் அவர் கேட்டதே விலை. இருவர் இருந்தால் போட்டியும் இருக்கும், அரசாங்கப் பணமும் காப்பாற்றப்படும். எளிய விதிதான், ஆனால் நுட்பமானது.

பெரிய கட்டுமான நிறுவனங்கள் இதை எதிர்த்தன. அவற்றின் வாதத்தையும் நாம் கேட்கவேண்டும். கட்டடத் தொழிலில் எந்த ஊரிலும் இரண்டு சிறு குத்தகையாளர் இருப்பார்கள். ஆகவே இந்த விதிப்படி, எங்களுக்கு வாசலே இல்லாமல் போகிறது என்றன. முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1988 இல் காங்கிரஸ் ஒரு சோதனை செய்தது. கட்டுமானம், குப்பை அகற்றல், கட்டட வரைவும் பொறியியலும், கப்பல் பழுதுபார்ப்பு ஆகிய நான்கு துறைகளில் ஒதுக்கீடு நிறுத்திவைக்கப்பட்டது. திறந்த போட்டியில் சிறியவர் 40 விழுக்காடு பெற்றுவந்தால் அப்படியே தொடரலாம். குறைந்தால் ஒதுக்கீடு திரும்ப வரும். ஈராண்டல்ல, இருபதாண்டுக்குமேல் நடந்த அந்தச் சோதனையை 2010 ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது.

இதற்கிடையே நாடு முழுவதற்கும் ஓர் இலக்கு வந்தது. 1988 இல் சிறியவர் பங்கு 20 விழுக்காடு. 1997 இல் 23 விழுக்காடு. 1953 இல் எண்ணில்லாமல் விட்ட 'நியாயமான பங்கு' இவ்வாறு ஓர் எண் பெற்றது. ஆனால் அதிகாரிகள் வேறு வழியும் கண்டார்கள். பல சிறு குத்தகைகளை ஒன்றாகக் கட்டி ஒரே பெரிய குத்தகையாக்கினால், சிறியவர் தாமாகவே ஒதுங்கிவிடுவார். பத்துப் பள்ளிகளின் சிற்றுண்டிச்சாலைகளை ஒரே குத்தகையாக விட்டால், நம் லயத்து அம்மாளை யாரும் விலக்க வேண்டியதில்லை, அவரே வரமாட்டார். இப்படி மூட்டை கட்டுவதற்குக் காரணம் காட்டவேண்டும் என்று 1997 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இனி, முன்னே சொன்ன அந்த ஒற்றைச் சொல்லின் வழக்குக்கு வருவோம். 2006 இல் காங்கிரஸ், முன்னாள் படைவீரர் நலத் துறைக்கென ஒரு சட்டம் செய்தது. முன்னாள் படைவீரருடைய சிறு நிறுவனங்கள் இரண்டு நியாயமான விலையில் முன்வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால், குத்தகையை அவர்களுக்குள்ளேயே போட்டிக்கு விட 'வேண்டும்' என்றது. 2012 இல் அத்துறைக்கு, மருத்துவமனைகளில் அவசர காலத்தில் ஊழியருக்குச் செய்தி அனுப்பும் சேவை தேவைப்பட்டது. இரண்டு பேர் உண்டா என்று அது விசாரிக்கவில்லை. முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்த பட்டியலிலிருந்து, படைவீரர் அல்லாதார் நிறுவனம் ஒன்றுக்கு வேலையைக் கொடுத்துவிட்டது.

மேரிலாந்து மாநிலத்துக் கிங்டம்வேர் என்னும் சிறு நிறுவனம் முறையிட்டது. அதன் உரிமையாளர், படைப்பணியில் ஊனமுற்றவர். காங்கிரசுக்காகக் கணக்காய்வு செய்யும் அலுவலகம் அவர் பக்கமே நியாயம் என்றது. துறை அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2012 இல் கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 2014 இல் மேல்முறையீட்டிலும் தோல்வி. ஆண்டு இலக்கை அடைந்துவிட்டோம், ஆகவே அதற்குமேல் விதியைக் கடைப்பிடிப்பது எங்கள் விருப்பம் என்பது துறையின் வாதம்.

நேயர்களே, வகுப்பறையில் 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு நாம் சொல்லித் தருகிறோம். இது வெறும் இலக்கணப் பாடந்தானே என்று சிலர் நினைக்கலாம். 2016 ஜூன் 16 ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதே பாடத்தைச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். சட்டம் 'வேண்டும்' என்கிறது. ஆகவே அது கட்டாயம். இலக்கை அடைந்தாலும் அடையாவிட்டாலும் ஒவ்வொரு குத்தகைக்கும் அது பொருந்தும் என்பது தீர்ப்பு. ஆனால் வழக்குக்குக் காரணமான அந்த வேலை 2013 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. வென்றவருக்கு வெற்றி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அவர் வாங்கித் தந்த நீதி, பின்னால் வந்தவருக்கே பயன்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் மனநிறைவோடு விடைபெறலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. பார்வையற்றோர் வேலைசெய்யும் தொண்டு நிறுவனங்களிடமிருந்து குறித்த பொருள்களை அரசாங்கம் வாங்கவேண்டும் என்று 1938 முதலே ஒரு சட்டம் உண்டு. படைவீரர் நலத் துறை சில வட்டாரங்களுக்கு மூக்குக் கண்ணாடிகளை அப்படித்தான் வாங்கி வந்தது. கிங்டம்வேர் தீர்ப்பின் பலத்தில், முன்னாள் படைவீரர் ஒருவரின் சிறு நிறுவனம் அந்த வேலையைக் கேட்டது. அங்கும் 'வேண்டும்', இங்கும் 'வேண்டும்'. 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், படைவீரருக்கே முதலிடம் என்றது. ஒருபுறம் நாட்டுக்காகப் போர்முனை சென்றவர்; மறுபுறம் கண்ணில்லாமலும் உழைத்து உண்ண விரும்புபவர். இருவரையும் ஒரே வாசலில் மோதவிட்டது சட்டம். 2020 இல் காங்கிரஸ் தலையிட்டு, 2006 ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே பட்டியலில் இருந்த பொருள்களுக்கும் பணிகளுக்கும் பழைய முன்னுரிமையைத் திரும்பக் கொடுத்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது என்ன? ஒதுக்கீடு வேண்டாம் என்பாரிடம் வலுவான கேள்விகள் உண்டு. கூடுதல் விலையை வரி செலுத்துபவர் ஏன் சுமக்கவேண்டும்? சிறியவராகவே இருந்தால்தான் சலுகை என்றால், வளர யார் விரும்புவார்? இவற்றைக் கேட்பவரைப் பகைவராக எண்ண வேண்டியதில்லை. இருவர் விதி முதற் கேள்விக்கு ஓரளவு விடை தந்தது. இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள் நம் பெரியோர். சட்டத்தில் நல்ல எண்ணம் எழுதப்பட்டால் மட்டும் போதாது. சிறியவர் யார் என்ற எல்லை சரியாக இருக்கவேண்டும். அந்தப் பெயரில் வேறொருவர் நுழையாமல் காக்கவேண்டும். அதிகாரியைக் கட்டும் சொல் ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் ஒதுக்கிய பங்கு ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆகவே, ஒரு சுற்றறிக்கையோ விதியோ நம் கைக்கு வரும்போது, அதிலுள்ள வினைமுற்றை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். 'வழங்கலாம்' என்றிருக்கிறதா, 'வழங்க வேண்டும்' என்றிருக்கிறதா? லயத்து அம்மாளின் அடுப்பு எரிவதும் அணைவதும் சில வேளைகளில் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.